மிலிட்டரி ஒன் டன் விற்பனைக்கு: போன் போடும் முன் படித்துவிட வேண்டிய கேள்வி பதில்கள்

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் நிற்கும் நிஸான் ஒன் டன் வண்டியை விற்கிறோம். பட்டாளத்தில் ஓடி, ஏலத்தில் வந்து, அப்பா காலத்திலிருந்து தோட்டத்து வேலை பார்த்த வண்டி. விளம்பரம் போட்ட நாளிலிருந்து வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விகள். அவற்றையெல்லாம் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை நீங்கள் கேட்கிற மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, இது ஜோங்காதானுங்களே?

இல்லைங்க. ஜோங்காவுக்குப் பங்காளி என்று சொல்லலாம். இரண்டுமே நிஸானிடம் உரிமம் வாங்கி ஜபல்பூரில் செய்த வண்டிகள். ஜோங்கா ஜீப் ஜாதி. ஆட்கள் போக வர வைத்திருந்தார்கள். ஒன் டன் சரக்கு வண்டி. மூக்கு நீளம், பின்னால் தொட்டி, மேலே கித்தான் கூரை. பேர் சொல்கிற மாதிரி காடு மேட்டில் ஒரு டன் ஏற்றிக்கொண்டு போவதற்கென்று செய்தது.

அதே ஜபல்பூரில்தான் சக்திமான் லாரியும் பிறந்தது. அது ஜெர்மனியின் மேன் நிறுவனத்து உரிமம். 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 1990-கள் வரை செய்தார்கள். மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டில் வெலிங்டனுக்கு ஏறும் பட்டாளத்து வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூன்றும் கண்ணுக்குப் பழக்கம். ஆனால் விளம்பரத்தில் மூன்றையும் "மிலிட்டரி ஜீப்" என்று போட்டுவிடுகிறார்கள். ஜோங்கா என்று நினைத்து வந்து ஏமாந்து திரும்ப வேண்டாம்.

தோனி வாங்குன வண்டிங்களா?

2019-ல் அவர் ராஞ்சிக்குக் கொண்டுபோன வண்டியை ஜோங்கா என்றும் ஒன் டன் என்றும் பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு இந்த ஜாதி வண்டிகளுக்கு வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். எங்கள் விலையில் தோனிக்குப் பங்கு இல்லை.

எந்த வருசத்து வண்டிங்க?

இதற்கு இரண்டு பதில் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் நல்லது.

பட்டாளத்து நம்பரில் முதலில் மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்து இரண்டு இலக்கம். அந்த இரண்டு இலக்கம்தான் ராணுவம் வண்டியை வாங்கிய வருடம். டிங்கரிங் வேலைக்காகப் பின்கதவைச் சுரண்டியபோது மூன்று அடுக்குப் பெயிண்டுக்குக் கீழே அம்பும் 74-ம் தெரிந்தது. அந்த இடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம், வந்தால் காட்டுகிறேன்.

ஆர்சி புக்கில் இருப்பது வேறு வருடம். ஏலத்தில் எடுத்து, கோயமுத்தூரில் டிஎன் 37 நம்பர் வாங்கியது 1991-ல். சட்டத்தின் கண்ணுக்கு வண்டி பொதுச் சாலைக்கு வந்தது அப்போதுதான். "ஐம்பது வருசப் பழசு" என்று யாராவது பழைய பட்டாளத்து வண்டி விற்றால், புக்கில் என்ன தேதி என்று முதலில் கேளுங்கள்.

அப்பொ வின்டேஜ் நம்பர் வாங்கிக்கலாமுங்களா?

முடியாது. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. நம்பரில் "விஏ" என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நாலுசக்கர வண்டிகளுக்கு. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எங்கள் வண்டி சரக்கு வண்டி, பதிவு 1991, இஞ்சின் மாற்றியது. மூன்றிலும் தவறுகிறது.

தவறினதும் நல்லதுக்குத்தான் என்பேன். அந்த நம்பர் வாங்கிய வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக, அவ்வளவுதான். வாடகைக்கும் விடக் கூடாது. தேங்காய் ஏற்றுகிறவனுக்கு அந்த நம்பர் எதற்கு?

15 வருசம் தாண்டுன வண்டிய ஓட்டவே கூடாதுன்னு சொல்றாங்களே?

அது டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்கு வந்த தடை. பத்து வருடம் தாண்டிய டீசல், பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே போட்டார்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டிகளுக்கு 2023-ல் வேறொரு விதி வந்தது. தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு வயதை மட்டும் வைத்துத் தடை கிடையாது. எஃப்சியில், அதாவது வண்டித் தகுதிச் சோதனையில், தேற வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். சரக்கு வண்டி என்பதால் இதற்கு வருடா வருடம் எஃப்சி. பழைய வண்டிகளுக்குக் கட்டணமும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அதையும் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

இஞ்சின் ஒரிஜினலுங்களா?

இல்லை. ஜபல்பூரிலிருந்து வந்தபோது ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 3,956 சிசி. அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சத்தத்துக்குத் தக்கபடி குடிக்கவும் செய்யும். பட்டாளத்தில் பெட்ரோல் போட்டது சர்க்கார். தோட்டத்தில் போட்டது அப்பா. தொண்ணூறுகளின் கடைசியில் டாடா 407 இஞ்சின் இறக்கினார். நாலு சிலிண்டர் டீசல், 2,956 சிசி.

இதில் ரசனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு வருத்தமில்லை. 407 இஞ்சினுக்குப் பிஸ்டன் வேண்டுமா, பம்ப் வேலையா, பொள்ளாச்சியில் விடிவதற்குள் ஆள் கிடைக்கும். வேகம் குறைந்தது. ஆனால் அடிக் கியரில் இழுக்கிற இழுவைக்கு குறையில்லை.

பெரிய விஷயம் என்னவென்றால், அந்த மாற்றம் புக்கில் ஏறியிருக்கிறது. எரிபொருள் டீசல் என்றும் இஞ்சின் நம்பர் புதியது என்றும் ஆர்டிஓ ஆபீசில் பதிந்து வாங்கிய பதிவு. கொங்குப் பக்கம் ஓடும் பட்டாளத்து வண்டிகளில் டீசல் மாற்றாதது அபூர்வம். மாற்றியதைப் புக்கில் ஏற்றாதது ஏராளம். வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இந்த மாதிரி மாற்றத்துக்குப் புதிதாக அனுமதி வாங்குவது லேசில்லை. அதனால் வேறு வண்டி பார்க்கப் போனாலும், புக்கில் "பெட்ரோல்" என்று இருந்து பானெட்டைத் திறந்தால் டீசல் இருந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

பழைய பெட்ரோல் இஞ்சின் என்னாச்சுங்க?

சாளையில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. சுற்றிப் பார்த்தால் சுற்றுகிறது. ஓட்டிப் பார்த்து வெகுகாலம். வண்டியோடு சேர்த்துத்தான் தருவோம். அது மட்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றுதான்: இல்லைங்க.

புக்கு சுத்தமா இருக்குதுங்களா?

இருக்கிறது. இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்களைத்தான் நான் வாங்க வருகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பட்டாளத்து வண்டிக்கு ஜாதகமே ஏலத்துக் காகிதம்தான். ராணுவம் கழித்த வண்டியை ஏலத்தில் எடுக்கும்போது ராணுவ அதிகாரி கையெழுத்திட்ட விற்பனைச் சான்று கொடுப்பார்கள், படிவம் 21. சாதாரண வண்டிக்கு ஷோரூம்காரர் கொடுப்பதும் அதே படிவம்தான். அது இருந்தால்தான் ஆர்டிஓ ஆபீசில் புது நம்பர் கிடைக்கும். எங்களிடம் அதன் மூலமும், டிப்போவிலிருந்து வண்டியை வெளியே விட்ட உத்தரவும் இருக்கின்றன. காகிதம் மஞ்சளாகிவிட்டது, முத்திரை தெளிவாகத் தெரிகிறது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஏலத்தில் வண்டியை மொத்தமாக எடுப்பார்கள். ஓடுகிற வண்டி, ஓடாத வண்டி, வெறும் சேசிஸ் எல்லாம் ஒட்டுக்கா வரும். மூன்றைப் பிரித்து இரண்டாக்கி விற்பதும் உண்டு. இதன் சேசிஸ், அதன் புக்கு என்று ஓடுகிற வண்டிகள் இன்னும் இருக்கின்றன. காட்டுக்குள்ளேயே ஓடும்வரை ஒன்றும் தெரியாது. பேர் மாற்றப் போகும்போது இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுக்கச் சொல்வார். அங்கே குட்டு உடையும். எங்கள் வண்டியில் நீங்களே தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தாளும் பென்சிலும் டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

அப்பா காலமான பிறகு வாரிசு முறையில் படிவம் 31 போட்டு என் பேருக்கு மாற்றியாகிவிட்டது. அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடன் எதுவும் இல்லை.

ஆலிவ் பச்சை அடிச்சுக் குடுத்தா இன்னொரு இருவத்தஞ்சாயிரம் சேத்தித் தர்றேனுங்க.

வேண்டாமுங்க. ராணுவத்து வண்டிகள் தவிர வேறெந்த வண்டிக்கும் அந்த ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதியே இருக்கிறது. ஏலத்தில் வந்த வண்டிக்கு முதல் வேலையே நிறம் மாற்றுவதுதான். அப்பா நீலம் அடித்தார். இன்றுவரை நீலம்தான். ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் இது "பச்சை வண்டி".

அம்புக்குறி போட்ட நம்பர் பிளேட் செய்து மாட்டுவதும் அதே வம்பு. போட்டோ எடுக்கக்கூட நான் சம்மதிக்க மாட்டேன்.

என்னென்ன வேலைக்கு ஓடுன வண்டிங்க?

தேங்காய்தான் முதல். எங்கள் தோப்புக்குப் போகிற வழி அப்போது இட்டேரி. இரண்டு பக்கமும் கிலுவை வேலி, நடுவில் மண்தடம். மழை விழுந்தால் டெம்போக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு "நீங்களே கொண்டாங்க" என்பார்கள். வெட்டு நாளில் தோப்புக்கும் களத்துக்கும் நடுவே இது போய் வந்துகொண்டே இருக்கும். முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற முன் கியரும் போட்டு, அடிக் கியரில் விட்டால் சேற்றில் நிதானமாக ஏறி வரும். அந்த இட்டேரியில் புதைந்த டிராக்டர்களை இழுத்துவிட்ட கணக்கும் நிறைய. அதற்காகவே முன்பம்பரில் கொக்கி வைத்து வெல்டிங் பண்ணியது.

2017 வறட்சியைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்த வருடம். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் இல்லை, போர் எல்லாம் காற்று. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காய்க்கிற தென்னையைக் காப்பாற்ற டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். ரோட்டு டேங்கர் தோப்பின் ஓரம் வரைக்கும்தான் வரும். அங்கேயிருந்து மரத்தடிக்குக் கொண்டுபோனது இந்த வண்டி. தொட்டியில் பிளாஸ்டிக் டேங்க் ஏற்றி, பகலும் ராத்திரியும் ஓடியது. தொட்டியின் தரைத்தகடு அந்த வருடம்தான் அரித்தது. பிறகு புதுத்தகடு அடித்தோம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் பின்னால் அண்டா குண்டா, அரிசி, நடக்க முடியாமல் போன அப்பிச்சிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதும் இதுதான். அதனால் இந்த வண்டி ஊருக்கெல்லாம் தெரியும். முன் கண்ணாடிக்கு மேலே "மாசாணியம்மன் துணை" என்று எழுதியது ஊர்ப் பெயிண்டர். அழிப்பதும் விடுவதும் வாங்குகிறவர் விருப்பம்.

பொள்ளாச்சிப் பக்கம் சினிமா ஷூட்டிங் நடக்கும் இடம் என்பதால், "எதிலாவது வந்துச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டொரு தடவை ஓரமாக நிறுத்தினார்கள். அதற்கும் விலைக்கும் சம்பந்தமில்லை.

குறை என்னென்னன்னு மறைக்காம சொல்லுங்கண்ணா.

ஸ்டியரிங் கனம். பவர் ஸ்டியரிங் கிடையாது. வண்டி நகராமல் வீலைத் திருப்ப நினைத்தால் தோள்பட்டை பேசும். வளைக்க இடம் நிறைய வேண்டும். கோயமுத்தூர் டவுன்ஹால் சந்துகளுக்குள் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

பிரேக் பிடிக்கும், ஆனால் இந்தக் காலத்துக் கார் மாதிரி எதிர்பார்க்கக் கூடாது. இடப்பக்கப் பின்வீலில் சிலிண்டர் கசிவு இருந்தது, மாற்றியாகிவிட்டது. முன் ஆக்சிலில் கிரீஸ் வெளியே வருகிறது. சீல் மாற்ற வேண்டும். விலையில் அதைக் கழித்துத்தான் சொல்லியிருக்கிறேன். கியர்பாக்ஸில் இரண்டாவதிலிருந்து முதலுக்கு வரும்போது நிதானம் வேண்டும், அவசரப்பட்டால் கறுமுறு என்று சத்தம் போடும். டிரைவர் பக்கத்துக் கதவு மழையில் ஒழுகும். கித்தான் கூரைக்குப் பதில் அடித்த தகரக் கூரை வெயிலில் கொதிக்கும். ஹீட் மீட்டர் வேலை செய்கிறது, ஸ்பீடோமீட்டர் செய்வதில்லை. அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு கணக்கைப் பழைய பட்டாளத்து வண்டிக்காரர் யாராவது சொன்னால் அதுவும் கதை.

சேசிஸில் ஒட்டு இல்லை, விரிசல் இல்லை. டார்ச் அடித்து அடியில் படுத்துப் பாருங்கள். சாக்கு விரித்துத் தருகிறேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழி பார்க்காமல் யாரும் கயிற்றை வாங்குவதில்லை. இங்கேயும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஸ்பேர் கெடைக்குமுங்களா?

இஞ்சினுக்குக் கவலையே வேண்டாம், 407 ஓடும்வரை கிடைக்கும். ஆக்சில், டிரான்ஸ்பர் கேஸ் இரண்டும் பழைய நிஸான். அதற்கு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைத்தால் வரும்போது கூப்பிடுவார்கள். வராவிட்டால் கோயமுத்தூரில் லேத்து இல்லாத தெருவா? பம்ப்செட்டும் மில் சாமானும் செய்து பழகிய ஊர். தேய்ந்த புஷ்ஷையோ உடைந்த ஷாஃப்டையோ சாம்பிள் கொடுத்தால் கணபதிப் பக்கம் கடைந்து தந்துவிடுவார்கள். கிரவுன் பினியன் மாதிரி பல் வெட்ட வேண்டிய சாமான் என்றால் செலவு ஏறும், அதுதான் பயம். அதனால் கையில் இருக்கும் ஒரு ஜோடி பழைய பினியனையும் வண்டியோடு தருகிறோம்.

பட்டி பார்க்க, பாடி கட்ட நாமக்கல், திருச்செங்கோடு இருக்கவே இருக்கிறது. போர் போடும் ரிக் வண்டிக்கே பாடி கட்டுகிறவர்களுக்கு இது விளையாட்டு.

மைலேஜ்?

இதைக் கேட்பவர்கள் டாடா ஏஸ் வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசி வெலை என்னங்க?

முதல் விலை 3,75,000 ரூபாய். கடைசி விலை போனில் கிடையாது.

எப்படி இந்த விலை என்றால்: அடிமட்டம் இரும்பு விலை. எடை மேடையில் ஏற்றிய சீட்டு இருக்கிறது. அதை அன்றைய இரும்பு விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே யாரும் கேட்க முடியாது. அதற்கு மேலே உள்ளதில் பெரும்பங்கு காகிதத்துக்கு. இதே வண்டி காகிதமில்லாமல் இருந்தால் நானே பாதிக்குத்தான் மதிப்பேன். மீதி, ஓடுகிற ஓட்டத்துக்கு. பழமைக்கென்று தனியாக நான் எதுவும் போடவில்லை. அதை நீங்கள் போட்டுப் பார்த்து "சல்லிசு" என்று தோன்றினால் மகிழ்ச்சி.

நேரில் வந்து, ஓட்டிப் பார்த்து, குறையைக் காட்டிக் கேட்டால் குறைப்பேன். துண்டுக்குள் கைபோட்டு விரலைப் பிடித்துப் பேசுகிற தரகர்களோடு வந்தாலும் சரிதான், ஆனால் தரகு உங்கள் பக்கம். "எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்னு யோசிச்சுக்கங்க" என்று மிரட்டிப் பார்ப்பவர்களுக்கு: பேரீச்சம்பழத்துக்குப் போடுவதானால் நானே போட்டிருப்பேன்.

வாங்கிக் கட் பண்ணிக்கிட்டா உங்களுக்கென்னங்க?

எனக்கு நிறைய இருக்கிறது. புக்கு ரத்தாகாமல் வண்டியை வெட்டினால் நம்பர் உயிரோடு இருக்கும். அந்த நம்பரை யாராவது திருட்டு வண்டிக்கு மாட்டினால் போலீஸ் வந்து நிற்பது என் வாசலில். பிரிப்பதற்காக வாங்குபவர்களுக்கு விற்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

எங்க ரெசார்ட்டு முன்னால நிறுத்தி வெக்கலாமுன்னு பாக்கறேனுங்க.

தாராளமாக. காசு கொடுப்பவர் முடிவு. ஆனால் ஒரு வார்த்தை. நிறுத்தியே வைக்கும் வண்டி, ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் கெடும். டீசலில் தண்ணீர் இறங்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், டயர் ஒரு பக்கமாகச் சப்பையாகும், கிளட்ச் ஒட்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்து நாலு மைல் ஓட்ட ஆள் இருந்தால் வாங்குங்கள். போட்டோவுக்கு மட்டும் என்றால் ஓடாத வண்டி பாதி விலைக்கு வேறிடத்தில் கிடைக்கும். ஓடுகிற வண்டியை வாங்கி ஏன் பூச்சட்டி வைக்க வேண்டும்?

ஒரே விலைக்கு இரண்டு பேர் வந்தால் தோட்டத்துக்காரருக்குத்தான் கொடுப்பேன். இதை மறைக்கவில்லை.

கேரளாவுக்குக் கொண்டுபோகலாமோ?

பாலக்காட்டிலிருந்தும் நெல்லியாம்பதி எஸ்டேட்டிலிருந்தும் கேட்கிறார்கள். படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கித் தருவது என் பொறுப்பு. அங்கே வரி கட்டி, நம்பர் மாற்றுவது உங்கள் பொறுப்பு. மாற்றம் செய்த வண்டிகளை அங்கே கறாராகப் பார்க்கிறார்கள். அதனால் புக்கின் நகலை முதலில் உங்கள் ஊர் ஆர்டிஓ ஆபீசில் காட்டி, டீசல் மாற்றத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கொடுத்த பிறகு "அவிடெ சம்மதிக்கில்லா" என்று வந்து நின்றால் எனக்கும் சங்கடம்.

29, 30-ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, பேர நான் மெதுவா மாத்திக்கறேன்.

நம் ஊரில் காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது. தேதி போடாத படிவத்தில் கையெழுத்து, ஒரு கைகுலுக்கல், வண்டி போய்விடும். நாலு கை மாறினாலும் புக்கில் முதல் ஆள் பேரே இருக்கும். அந்த வண்டி யாரையாவது இடித்தால்? 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: புக்கில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் தலையில். விற்றுவிட்டேன், கை மாற்றிவிட்டேன் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

அதனால் இங்கே வழி இதுதான். பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டையும் இரண்டு பேரும் உட்கார்ந்து, தேதி போட்டு, முழுதாக நிரப்புவோம். விற்ற 14 நாளுக்குள் நான் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நான் அவ்வளவு நாள் விடமாட்டேன். முழுப்பணம் வந்த மறுநாளே ஒட்டுக்கா ஆர்டிஓ ஆபீஸ் போகிறோம். செலவு உங்களுடையது, காபி டிபன் என்னுடையது. விற்பனை ஒப்பந்தத்தில் தேதியோடு வண்டியை ஒப்படைத்த மணி நேரத்தையும் எழுதுவோம். அன்று சாயங்காலமே நீங்கள் போகிற வழியில் ஏதாவது நடந்தால் அந்த மணிக்கணக்குதான் பேசும்.

இன்சூரன்ஸ் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்கிறது. அதையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு எழுதி மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் கேஷா தரலாமுங்களா?

முழுவதும் முடியாது. ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. பேங்க் மூலமாகவே தாருங்கள்.

உங்க வண்டி போட்டோவ வேறொருத்தர் பாதி வெலைக்குப் போட்டிருக்காரே, ஆர்மிக்காரருன்னு?

அது மோசடி. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேற ஊருக்கு மாறுதல், வண்டியை அவசரமாக விற்கிறேன்" என்று சொல்லி, சீருடை போட்டோவும் அடையாள அட்டையும் அனுப்பி, முன்பணம் கேட்கிற கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. பட்டாளத்து வண்டி என்றால் அந்தக் கதை இன்னும் பொருந்திப் போகிறது. விற்பவரிடமும் இதே விளையாட்டு நடக்கும்: "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, யுபிஐ பின் நம்பர் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

வண்டியைப் பார்க்காமல் எனக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். நானும் கேட்க மாட்டேன்.

ஓட்டிப் பாக்கலாமுங்களா? ஹெவி லைசென்ஸ் வேணுமா?

ஓட்டாமல் வாங்காதீர்கள். புக்கில் உள்ள மொத்த எடை 7,500 கிலோவுக்குள்தான். அந்த எடைக்குட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லைசென்ஸைக் கையோடு கொண்டுவாருங்கள்.

முதலில் தோப்புக்குள், முன் கியர் போட்டு, பிறகு ரோட்டில் ஆழியாறு வரை. வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டீசல் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பதாவது வளைவோடு திருப்பினாலே வண்டியின் லட்சணம் தெரிந்துவிடும். ஏறும்போது ஹீட் முள்ளைப் பாருங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரில் இறக்குங்கள். பக்கத்து சீட்டில் நான் இருப்பேன்.

இவ்வளவு நல்லா இருந்தா ஏனுங்க விக்கறீங்க?

தோப்பில் பாதியைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. இட்டேரிக்கு இப்போது சிமெண்ட் ரோடு வந்துவிட்டது, மினி லாரியே உள்ளே வருகிறது. இதை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணனுக்கு வயதாகி, கனமான ஸ்டியரிங் ஒத்துக்கொள்ளவில்லை. என் பையனுக்கு ஆட்டோமேட்டிக் கார் தவிர வேறு ஓட்டத் தெரியாது. வருடம் ஒரு எஃப்சிக்கும் ஒரு பழனிக்கும் மட்டும் வெளியே வருகிற வண்டிக்கு இடத்தையும் செலவையும் தாங்க முடியவில்லை.

எப்ப வந்து பாக்கலாமுங்க?

செவ்வாய், வியாழன் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. நான் அங்கே இருப்பேன். அமாவாசை அன்று மாசாணியம்மன் கோயில் கூட்டத்தில் ஆனைமலை ரோடு நகராது. மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்கு மேல் வாருங்கள், இஞ்சின் சூடேறும் முன்னால். முதல் ஸ்டார்ட்டை நீங்களே செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. மெக்கானிக்கைக் கூட்டி வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மதியத்துக்குச் சோறு சேர்த்து வைக்கச் சொல்லணும்.